மகாராணிக்கு வைத்த பொட்டு

"அம்மா, இஸ் ஷீ எ காட்?" என்று கேட்டாள் என் மகள். போன வாரம் கலிபோர்னியா, மில்பிடாஸ் வீட்டில் கொலுப்படி கட்டிக்கொண்டிருந்தோம். அதாவது நான் கட்டிக்கொண்டிருந்தேன், அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருடம் முழுக்கச் சமையலறை ஜன்னலில் வெயில் காயும் வெள்ளைப் பீங்கான் அம்மணியை எடுத்துத் தூசி தட்டி, தசாவதாரத்துக்கும் செட்டியார் கடைக்கும் நடுவில் உட்கார வைத்தேன். மார்பளவு சிலை. உச்சந்தலையில் குட்டிக் கிரீடம், பின்னால் முக்காடு, மருமகள் போட்ட காப்பியைக் குடித்த மாமியார் முகம். நம் பூட்டன் காலத்து வெள்ளி ரூபாயில் இருந்தாரே, அந்த மகாராணிதான்.

இதே கேள்வியை முன்பு ஒருவர், கையில் சுத்தியலோடு, ஒரு ஹால் நிறைய ஆட்கள் நடுவில் கேட்டார். நல்லவேளை, அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நானில்லை.

தொண்ணூற்றேழாம் வருடம். நியூஜெர்சி, மான்மவுத் ஜங்ஷனில் விஸ்வநாதன் அங்கிள் வீட்டு பேஸ்மென்ட்டில் குடியிருந்தேன். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்ட புண்ணியத்தில் அமெரிக்கா வந்து சேர்ந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அங்கிள் பாலம் கட்டும் இன்ஜினியர். பாலத்தை டிசைன் பண்ணுவார், அதன் மேல் கார் ஓட்டச் சொன்னால் வேர்த்துவிடும். டர்ன்பைக் நெடுஞ்சாலை என்றாலே ஆகாது. அதனால் சனிக்கிழமை காலைகளில் நான்தான் அவருக்கு டிரைவர். ஊர் ஊராக, பழைய சாமானை வீட்டு வாசலில் பரப்பி விற்கும் கராஜ் சேல், வீட்டுக்காரர் செத்துப்போனால் சாமானை விற்கும் எஸ்டேட் சேல் என்று அலைவோம். எதற்கு என்கிறீர்களா? பிரிட்டிஷ் ராஜ குடும்பத்து ஞாபகார்த்தப் பொருள் சேர்க்க.

திருநெல்வேலிக்காரர். வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பலே விட்ட ஜில்லா. அங்கே பிறந்து வளர்ந்தவர், வெள்ளைக்காரன் டீ குடித்த கோப்பையைத் தேடி அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் அலைந்தார். அதை வாங்கவும் விற்கவும் வந்து கூடிய அமெரிக்கர்களைத்தான் என்ன சொல்ல! ராஜாவே வேண்டாம் என்று சண்டை போட்டுத் துரத்திய பரம்பரை, இப்போது ராஜா படம் போட்ட தட்டுக்கு அடித்துக்கொண்டது.

வீடு முழுக்க அவர்கள்தான். முடிசூட்டு விழாக் கோப்பைகள், ஜூபிலி பிஸ்கட் டின்கள், இளவரசர் முகம் போட்ட பாத்திரம் துடைக்கும் துணி. கல்யாணத் தட்டுகளில் இருந்த ஜோடிகளில் முக்கால்வாசி விவாகரத்தாகியிருந்தது. தட்டில் மட்டும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கமலா ஆன்ட்டியின் துவரம் பருப்புக்கு அலமாரியில் இடமில்லை, கராஜில் புல் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. சாம்பாரில் லேசாகப் பெட்ரோல் வாசனை அடிப்பதாக நான் சொன்னால் ஆன்ட்டி, "அரண்மனை சாம்பார்லா, அப்படித்தான் இருக்கும்" என்பார்.

இதெல்லாம் பணத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அங்கிளுக்கு வேறொரு ஏக்கம். ஏலக்காரர்கள் அச்சடிக்கும் கேட்லாகில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே சாய்வெழுத்தில் ஒரு வரி இருக்கும், இன்னார் கலெக்‌ஷனிலிருந்து என்று. அந்த வரியில் தன் பேர் வர வேண்டும். ஆபீஸில் இத்தனை வருடமாக அவரை "விஷ்" என்றுதான் கூப்பிட்டார்கள். முழுப்பேரைச் சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு வளையவில்லை. "ஒரு தடவ 'விஸ்வநாதன் கலெக்‌ஷன்'னு அச்சுல பாத்துட்டேன்னா போதும்மா" என்று காரில் வரும்போது சொல்வார். கிண்டல் பண்ணத் துறுதுறுக்கும் என் வாய் அப்போது மட்டும் மூடிக்கொள்ளும்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் இளவரசி கார் விபத்தில் போய்ச்சேர்ந்தார். அங்கிள் டிவி முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். சொந்த அத்தான் செத்த தந்தி வந்தபோது, டிக்கெட் விலை ஜாஸ்தி என்று சொன்ன மனுஷன். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "இப்போ மார்க்கெட் ஏறும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். எங்கள் பக்கத்து ஏலக்காரர் ஒருவர் நவம்பரில் ராஜ குடும்பத்துப் பொருட்களுக்கென்றே ஒரு ஏலம் அறிவித்தார். அங்கிளிடம் அதற்கு ஒரு அஸ்திரம் இருந்தது. பிரின்ஸ்டன் பக்கம் ஒரு கிழவியின் எஸ்டேட் சேலில் கிடைத்த இந்த மகாராணி. மெருகு பூசாத பீங்கான், தொட்டால் சாக்பீஸ் மாதிரி இருக்கும், ஒரு கீறல் இல்லை.

நடுவில் நவராத்திரி வந்தது. அந்த வீட்டில் அதுவரை கொலுவே வைத்ததில்லை, எங்கே வைக்க? அந்த வருடம் ஆன்ட்டி, "ஒண்ணு என் பொம்மை, இல்ல உங்க ராணி" என்று நின்றுவிட்டார். கடைசியில் சமாதானம் ஆயிற்று. அங்கிளின் சாமான்களை நகர்த்தக் கூடாது, அதற்கு நடுவில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முருகனுக்கு இருபுறமும் முடிசூட்டுக் கோப்பைகள். ஜூபிலி டின்னில் சுண்டல். மேல்படியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மகாராணி.

பக்கத்து ஊர் எடிசனிலிருந்து ஆன்ட்டிமார் பட்டுப்புடவையும் பேகுமாக வந்து இறங்கினார்கள். கமலா ஆன்ட்டி ஒவ்வொருத்தருக்கும் சந்தனம் குங்குமம் கொடுத்துக்கொண்டே வந்தவர், வந்த கையோடு மகாராணியின் நெற்றியிலும் சந்தனத்தைத் தீற்றி, அதன் மேல் ஒரு குவார்ட்டர் நாணயம் அகலத்துக்குக் குங்குமத்தை அப்பிவிட்டார். பெண்மணிக்குப் பாந்தமாகத்தான் இருந்தது.

ஆபீஸ் விட்டு வந்த அங்கிள் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றார். விலை போச்சே என்று கத்துவார் என்று பார்த்தேன். கத்தியது என்ன தெரியுமா?

"ஏட்டி கமலா! என்ன காரியம் பண்ணி வச்சிருக்க! அவ விதவைட்டி!"

வாஸ்தவம்தான், புருஷன் போனபின் நாற்பது வருடம் கறுப்பே உடுத்திய மகாராணி. ஆனாலும் இருபது வருட அமெரிக்கா, அத்தனை ஆங்கிலேயக் கோப்பை, எல்லாவற்றையும் தாண்டி அவர் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

"இருந்துட்டுப் போறா" என்றார் ஆன்ட்டி. "நவராத்திரிக்கு வீட்டுக்கு வந்த பொம்பளைய வெறும் நெத்தியோட அனுப்பச் சொல்லுதீங்களா?"

விலை ஞாபகம் பிறகுதான் வந்தது. எலுமிச்சம்பழம், பேக்கிங் சோடா, பல்பொடி, முடியை வெளுக்கும் பெராக்சைடு, எல்லாம் போட்டுத் தேய்த்தார். சந்தனம் போயிற்று. குங்குமம் பீங்கானுக்குள் இறங்கி, இங்கேதான் இருப்பேன் என்று உட்கார்ந்துகொண்டது.

டை கட்டிக்கொண்டு, செத்த முகத்தோடு, அங்கிள் மகாராணியை ஏலக்காரரிடம் எடுத்துப்போனார். நானும் போனேன், டிரைவராயிற்றே. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட மனிதர். பொட்டையே வெகுநேரம் பார்த்தார். தூக்கி வெளியே போடப்போகிறார் என்று நான் நினைத்தபோது அவர் முகம் மலர்ந்தது. உங்கள் குடும்பம் மகாராணியை வழிபட்டதா என்று கேட்டார். மேஜையில் பழைய கேட்லாக் ஒன்று திறந்து கிடந்தது. அங்கிள் அதைப் பார்த்தார். "யெஸ். ஃபார் ஜெனரேஷன்ஸ்" என்றார். அடப்பாவி மனுஷா என்று எனக்கு வாய்வரை வந்தது.

கேட்லாக் தபாலில் வந்தது. முழுப்பக்கப் படம். "விஸ்வநாதன் கலெக்‌ஷனிலிருந்து. இந்துக் குடும்பமொன்று தலைமுறைகளாகத் தெய்வமாக வணங்கிய மகாராணி, நெற்றியில் வழிபாட்டுச் சின்னத்துடன்" என்ற பொருளில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இல்லாமல் அச்சாகியிருந்த தன் பேரை அங்கிள் விரலால் தடவிப் பார்த்தார். ஆன்ட்டியும் வாங்கிப் படித்தார்.

"யாரு கும்பிட்டா?"

"அது சும்மா ஒரு டிஸ்கிரிப்ஷன். நீ விடு."

"எங்கப்பா இந்தக் கிரீடம் வேண்டாம்னுதான ஜெயிலுக்குப் போனாரு? அவரு மக வீட்டுல இவளக் கும்பிட்டோம்னு அச்சடிச்சு வச்சிருக்கீங்க."

ஆன்ட்டி அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஏல நாளன்று அரக்குப் பட்டுப்புடவை கட்டி, மேலே பனிக்கால ஜாக்கெட்டும் காலில் ஸ்னீக்கர்ஸும் போட்டுக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தார். வராதே என்று சொல்ல அங்கிளுக்குத் தைரியமில்லை.

ஹால் நிரம்பியிருந்தது. கோப்பைகளும் தட்டுகளும் சொன்ன விலைக்குப் பறந்தன. மகாராணி வந்தபோது நாலாபக்கமும் கைகள் ஏறின. அங்கிள் என் முழங்கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். சூடு பற்றியதும் ஏலக்காரருக்கு நாக்கு ஊறியது. வழிபட்ட குடும்பமே இங்கே இருக்கிறது என்று எங்களைக் காட்டி, சுத்தியலை நீட்டி, "இஸ் ஷீ எ காடெஸ் டு யூ?" என்றார். அத்தனை தலையும் திரும்பியது. அங்கிள் பாதி எழுந்தார். அவர் முழுதாக எழுவதற்குள் ஆன்ட்டி எழுந்துவிட்டார்.

"நோ. ஷீ கேம் டு அவர் ஹவுஸ் ஃபார் ஃபெஸ்டிவல். வீ கிவ் குங்குமம் டு எவ்ரி லேடி. விடோ ஆல்ஸோ. நோ வொர்ஷிப்."

உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு ஹாலே சிரித்தது. ஏறிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தெய்வம் இல்லையென்றால் அது வெறும் கறை பிடித்த பொம்மைதானே. விலை போகவில்லை, எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது மகாராணி ஆன்ட்டி மடியில், சீட் பெல்ட்டுக்கு உள்ளே. டர்ன்பைக் முழுக்க அங்கிள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எக்ஸிட் எடுத்தபோது, "என் பேரு..." என்று ஆரம்பித்தார்.

"அதான் அச்சுல வந்தாச்சுல்லா. சவத்த விடுங்க" என்றார் ஆன்ட்டி. ஆனால் குரல் அத்தனை கறாராக இல்லை.

அதன் பிறகு அங்கிள் கராஜ் சேலுக்குக் கூப்பிடவில்லை. பருப்பு அலமாரிக்குத் திரும்பியது. நான் கலிபோர்னியாவுக்கு மாறியபோது ஆன்ட்டி மகாராணியைப் புடவையில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். அந்த வீட்டை விற்றுவிட்டு அவர்கள் டெக்சஸில் மகனோடு போய்ச் சேர்ந்தார்கள். ஏல ஹால் இப்போது ஜிம் ஆகிவிட்டதாம். அந்த மாதிரிக் கோப்பைகளை இணையத்தில் பார்த்தேன், ஒரு காப்பி விலைக்குப் போட்டும் சீந்துவாரில்லை.

கமலா ஆன்ட்டி இந்த மார்ச்சில் போய்விட்டார்.

கொலுவைக் காட்டலாம் என்று அங்கிளை வீடியோவில் கூப்பிட்டேன். மெலிந்திருந்தார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். எல்லாம் பழையபடியே இருந்தன, பெண்டாட்டி போனதற்காக ஆம்பளை நெற்றியிலிருந்து எதையும் அழிக்கச் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்? நான் பார்ப்பதை அவரும் பார்த்தார் போலிருக்கிறது. விரல் தானாக நெற்றிக்குப் போய்த் திரும்பியது.

"மகாராணி நெத்தில பொட்டு இருக்காம்மா?"

போனை மகாராணி இருந்த படிக்குக் கொண்டுபோனேன். பெராக்சைடுக்கு அசையாதது, இத்தனை வருட ஜன்னல் வெயிலில் எப்போது போயிற்றென்றே எனக்குத் தெரியவில்லை. நெற்றி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இல்ல அங்கிள். போயிடுச்சு."



"வச்சு விடும்மா" என்றார். "பெருசாவே வை. கமலா வச்ச மாதிரி."