ஞாயிற்றுக்கிழமை மட்டும் அமைதியான லேஅவுட்

பெங்களூரின் தெற்கு ஓரத்தில் மனை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன புதன்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, ஜிகணி தாண்டி இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். பால் காய்ச்சி இன்னும் ஒரு வருஷம் ஆகாத வீடு. வேலை நாளில் ஒரு தடவை வந்து பார் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் குடியிருக்கும் ஒக்கலிபுரத்திலிருந்து மெஜஸ்டிக்குக்கு நடந்துபோய் மெட்ரோ ஏறினேன். ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் லைனுக்கு மாறி பொம்மசந்திராவில் இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர், ஆட்டோ 280 ரூபாய். மீட்டர் போடச் சொல்லி மானத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிரைவர் தர்மபுரிக்காரர். "சைட் பாக்கவா சார்? புதன்கிழமைல யாரும் வர மாட்டாங்களே" என்றார். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வழியெல்லாம் டிப்பர் லாரி, வெள்ளைத் தூசி. மனை விளம்பரங்களில் வரைந்திருந்த குன்று நேரில் பாதிதான் இருந்தது. மீதியை ஜல்லியாக உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்த மனையைக் காட்டப் புரோக்கர் அக்காவையும் என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துவந்தார். நமக்கெல்லாம் லீவு அன்றைக்குத்தானே. குவாரிக்கும் அன்றைக்குத்தான் லீவு. மெஷின் நின்றிருந்தது, குருவிச் சத்தம் கேட்டது. குவாரியைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்று புரோக்கர் சொன்னார், தலையாட்டினோம். இத்தனைக்கும் நாங்கள் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அருகில் வளர்ந்தவர்கள். பாறைக்கு வைக்கும் வெடி என்றால் என்னவென்று தெரிந்தே போய் விழுந்தோம்.

இந்தப் புதன்கிழமை பன்னிரண்டரைக்குக் குவாரியில் சைரன் ஊதியது. அக்கா குக்கரை இறக்கி வைத்தாள், சாமி படங்களைக் கழற்றிக் கட்டிலில் படுக்க வைத்தாள், என்னையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எல்லா வீட்டுக்காரர்களும் வெளியே நின்று தக்காளி விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வெடித்தது. அதிர்வு கால் வழியாக ஏறி வயிற்றில் நின்றது. பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

படுக்கையறையில் காலண்டரைத் தூக்கிக் காட்டினாள். பின்னால் ஒரு விரல் நுழையும் விரிசல். இரண்டு தடவை பட்டி பார்த்தும் திறந்துகொள்கிறதாம்.

புகார் கொடுக்காமல் இல்லை. நாங்கள்தான் முதலில் வந்தோம், லீஸ் இருக்கிறது என்கிறார்கள் குவாரிக்காரர்கள். லேஅவுட்டுக்கு முறையாக அனுமதி கொடுத்திருக்கிறோம் என்கிறது பஞ்சாயத்து. இரண்டும் உண்மை. அக்கா வீட்டு கான்கிரீட்டுக்கு ஜல்லி வந்ததும் இதே குவாரியிலிருந்துதான், வண்டி வாடகை குறைவு என்று. பக்கத்தில் புதிதாக எழும்பும் வீடுகளுக்கும் அங்கிருந்தே போகிறது. வீடு கூடக் கூட வெடியும் கூடும். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை, மனசு விட்டுப்போயிற்று.

சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள்: "வித்துடலாம்னு இருக்கோம்டா. ஞாயித்துக்கிழமை ஒரு ஃபேமிலி பாக்க வராங்க. கன்னடக்காரங்க. உனக்குத்தான் கன்னடம் வரும், நீ வந்து பேசு."

வெடி விஷயத்தைச் சொல்லப் போகிறாயா என்று கேட்டேன்.

"நமக்கு யாரு சொன்னாங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது. இருபது வருஷக் கடன் அவளுக்கு. நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்கு: முகத்துக்கு மாஸ்க் வேண்டும், தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்தவரின் நம்பரை வாங்கி வையுங்கள். முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில் மதியம் ஒரு மணி வரை அங்கேயே இருங்கள். சுவரில் காலண்டர் தொங்கினால் தூக்கிப் பாருங்கள்.

இதை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருப்பேன். பார்க்க வருகிறவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.