சுனைக்கல்லில் ஒரு சுண்ணாம்புக் கோடு

எல்லம்மாள் எதையும் அளந்து பார்க்கிறவள். திருத்தணிக்கு அப்பால் ஒரு குன்றின் அடியில் அவளுக்குக் கொஞ்சம் பூந்தோட்டம் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பவர்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். கணவன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த மல்லியும் அரளியும்தான். அவற்றுக்குத் தண்ணீர் கொடுத்தது மலைச் சுனை.

சுனைக்கல்லில் அவள் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவைத்திருந்தாள். விடியும்போது தண்ணீர் கோட்டைத் தொட்டு நிற்கும். வெயில் ஏற ஏற இறங்கிச் சாயங்காலத்துக்குள் நான்கு விரற்கடை குறைந்துவிடும். மறுநாள் விடிந்தால் பழையபடி கோட்டில் நிற்கும். யாரும் மொள்ளாத நாளிலும் இதே கதைதான். மூட்டமான நாளிலும், மேலே மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நின்ற நாளிலும் மட்டும் அவ்வளவாக இறங்காது. இரண்டு வருஷம் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குப் பிடிபட்டது. வெயிலில் இலை காய்கிறது, காய்கிற இலைக்காக வேர் குடிக்கிறது.

இதை அவள் அக்காள் புருஷன் கங்காதரனிடம் சொன்னாள். யாரிடம் எதைச் சொல்வது என்ற விவரம் அவளுக்குப் போதாது, பாவம்.

"மரம் பகல்ல தண்ணி குடிக்குது பாவா. ஆனா மழைய புடிச்சு உள்ள இறக்குறதும் அதுங்கதான். மரத்தடி சருகுல பேஞ்சது ஓடவே ஓடாது, அங்கயே ஊறிப்பூடும்."

"அப்படியா சங்கதி!" என்றான் கங்காதரன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி போட்டு ஓடிய காலம் அது. அவனுக்குக் கரிமூட்டம் போட மரம் வேண்டும். குன்றோ ஊருக்குப் பொது, ஊரார் கைரேகை வைத்தால்தான் வெட்ட முடியும்.

அடுத்த வாரம் ஊர் கூடியது. கங்காதரன் அவளை நடுவில் நிறுத்தினான்.

"நம்ம எல்லம்மா கண்ணால பாத்தவ. மரம் நம்ம தண்ணிய குடிக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லும்மா."

"ஆங், குடிக்குது. ஆனா..."

"கேட்டீங்களா!" என்று அவன் போட்ட சத்தத்தில் அந்த 'ஆனா' அமுங்கிப் போயிற்று. ஊரே வரிசையில் நின்று ரேகை வைத்தது.

அத்தி, நாவல், புங்கன் எல்லாம் சாய்ந்தன. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. சுனை உண்மையிலேயே ஏறியது! நடுப்பகலிலும் தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அவளும் நாம்தான் வீணாகப் பயந்தோம் என்று நினைத்து இன்னும் இரண்டு பாத்தி மல்லி வைத்தாள்.

ஐப்பசி மழை வந்தது. பிடித்து வைக்கச் சருகுமில்லை, வேருமில்லை. பெய்ததெல்லாம் செம்மண்ணோடு சரிந்து ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. பங்குனியில் சுனை அடி தெரிந்தது, சித்திரையில் கல் சுட்டது. மல்லி முழுவதும் கருகிவிட்டது.

"நீதான சொன்ன?" என்று அவள் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். ரேகை வைத்த விரல்கள்தான் அவளை நோக்கி நீண்டன.

ஆடி பிறந்ததும் கங்காதரன் கரி பஸ்ஸில் வந்து இறங்கினான். பூ கேட்க வந்தான் என்று நினைத்து அவள் கையை விரித்தாள். அவன் வந்தது அதற்கில்லை.

"பக்கத்து மலைக்கு ஊர்க்கூட்டம் வெச்சிருக்குது. நீ வந்து ஆங்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "பாதிதான் சொல்ல வுட்டீங்க பாவா. என் தோட்டத்த வந்து பாருங்க!"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? நீ சொன்னததான சொன்னேன்?"

"நான் வரமாட்டேன்."

"வராட்டி போ," என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

அவள் விடவில்லை. கூட்டத்தன்று நான்கு மைல் நடந்து அந்த ஊருக்குப் போனாள். போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்து, ஜனங்கள் விரல் மையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மரத்தை வெட்டாதீங்க என்று அவள் கத்தியபோது ஒரு கிழவர் பொறுமையாகச் சொன்னார்:

"உனக்கென்னாம்மா தெரியும்? திருத்தணி பக்கம் எல்லம்மான்னு ஒருத்தி, கோடு போட்டு கண்ணால பாத்தவளாம். அவளே சொல்லிட்டா."