விரால் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ எது நடந்தாலும், பந்தி முடிந்து எல்லோரும் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்காரும்போது அப்பா ஒரு கதை சொல்வார். கோபித்துக்கொண்டு பிறந்தகம் வந்துவிட்ட தங்கையை, அவள் தூண்டிலாலேயே பிடித்துக் கூட்டிக்கொண்டு போன மாப்பிள்ளையின் கதை. அப்பா நன்றாகவே சொல்வார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த மாப்பிள்ளையான மாமா எழுந்து நின்று சபைக்கு ஒரு கும்பிடு போடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தையும் சிரிப்பாள். எனக்கு அந்தக் கதையை வேறு மாதிரிதான் சொல்ல வரும்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. அவர்களுடைய அப்பாவுக்கு நீலகிரியில் ஓர் அணைக்கட்டில் வேலை. அந்தக் குவார்ட்டர்ஸில்தான் இருவரும் வளர்ந்தார்கள். அணைத் தண்ணீர் வந்து நிறைகிற ஏரி வீட்டு வாசலிலிருந்தே தெரியுமாம். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் அதில் உண்டு. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு மீன் பிடிக்க வருகிறவர்களின் பின்னால் அண்ணனும் தங்கையும் சுற்றியிருக்கிறார்கள். அண்ணன் அவர்கள் கொண்டுவரும் பிஸ்கட்டோடு திருப்தியடைந்துவிட்டார். தங்கை தூண்டில் வீசக் கற்றுக்கொண்டாள். ஒரு எஸ்டேட் மேனேஜர் வேலை மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய பழைய தூண்டில் ராடை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதில் நூல் சுற்றுகிற ரீலும், மீனைக் கவர மினுக்கும் சின்னத் தகடும், அதன் முனையில் முள்ளும் இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, முழுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், அத்தை ஊரப்பாக்கத்திலிருந்து சேலையூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சூட்கேஸும் நீளமான ஒரு துணிப்பையும் இருந்தன. அம்மா என்னிடம், அத்தைக்கு உடம்பு சரியில்லை, ரெஸ்ட் எடுக்க வந்திருக்கிறாள், தொந்தரவு செய்யாதே என்றாள். வந்த அன்று என்னைப் பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்க அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் வெகுநேரம் பேசினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. அத்தை என் அறையில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து தட்டில் கோலம் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு நாள் துணிப்பைக்குள் என்ன என்று நான் கேட்டுவிட்டேன். அத்தை எழுந்து உட்கார்ந்து, ராடைத் துண்டு துண்டாக எடுத்துப் பொருத்திக் காட்டினாள். அது கூரையை இடித்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரி இருக்கிறது என்று நான் சொன்னேன். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

அதை ஏரி என்று சொல்ல அன்றைக்கே கொஞ்சம் தாராள மனசு வேண்டும். பாதி ஆகாயத்தாமரை. மறுபாதியில் மேலண்டை ஏரியின் உபரி நீரும், எங்கள் காலனியின் உபரி நீரும் கலந்து நின்றன. ஆனாலும் மீன் இருந்தது. அத்தை கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ராடை வீசினாள். நூல் காற்றில் வளைந்து போய், அவள் பார்த்த இடத்திலேயே விழுந்தது. அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் போனோம். நூல் தண்ணீரில் இருக்கும்போது அத்தை ட்ரவுட்டைப் பற்றிச் சொல்லுவாள்.

"அதுக்கு ரோஷம் ஜாஸ்தி. தண்ணி கொஞ்சம் சூடானாலும் அங்க இருக்காது."

"எங்க போகும்?"

"எங்க போறது, அதே ஏரிதானே. இன்னும் ஆழத்துக்குப் போயிடும்."

பிடிக்கிற மீனை அவள் திரும்ப விட்டுவிடுவாள். சின்ன மீனை விட்டுவிட வேண்டும் என்பது அணை ஏரியின் சட்டம். இவள் பெரிசையும் விட்டாள். கரையில் மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அண்ணனுக்கு அது தாங்கவில்லை.

"இன்னாக்கா, புடிக்கிறத எல்லாம் வுட்டுகினே கீற? எங்களாண்ட குடேன், கொழம்பு வெச்சுக்குவோம்" என்றார்.

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று பிடித்த ஜிலேபிக் கெண்டைகள் எல்லாம் அவருடைய பிளாஸ்டிக் பக்கெட்டுக்குப் போயின.

ஏரி அவளுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. சாப்பிட்டாள், எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டுப் போய்விட்டு வந்து, ஜூனில் சேரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாள். அஸ்தினாபுரத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தாமல், உங்க அண்ணன்கிட்ட கேட்டுக்கலாம் என்றாள்.

அண்ணனிடம் அதற்குள் காலனியே கேட்க ஆரம்பித்திருந்தது. தங்கை எப்போது ஊருக்குப் போகிறாள் என்று கேட்டார்கள். நேற்று ஏரிக்கரையில் யாரோ பையனோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தது உங்கள் தங்கைதானா என்று கேட்டார்கள். அப்பா கோபக்காரர் இல்லை. யாரிடமும் கெட்ட பெயர் வாங்காமல் வாழ்ந்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர். அவர் அத்தையிடம் எதுவும் கேட்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய் ஊரப்பாக்கத்துக்கு ஒரு போன் செய்தார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வந்தார்.

எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். வரும்போதெல்லாம் சாக்லேட் வாங்கி வருவார், காதுக்குப் பின்னாலிருந்து நாணயம் எடுப்பார். அன்று ஸ்வீட்டும் மல்லிகைப் பூவும் சேர்த்து வாங்கி வந்திருந்தார். பூப்பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அப்பாவை, இளைத்துவிட்டீர்களே என்று விசாரித்தார். அத்தை அறையிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வருவது அவளுக்குச் சொல்லப்படவில்லை என்பது அவள் நின்றதிலேயே தெரிந்தது. மாமா அவளை அதட்டவில்லை, ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் மீன் பிடிப்பதைப் பார்க்க வேண்டும், எல்லோரும் ஏரிக்குப் போவோம் என்றார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அம்மா மட்டும் சமையல் இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருந்தது. மாமா கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். அப்பா மேட்டில் நின்று, மூங்கில் தூண்டில் அண்ணனோடும் இன்னும் சிலரோடும் பேசிக்கொண்டிருந்தார். அத்தை ராடைத் தொடவில்லை.

"போடும்மா. மாப்பிள்ளை ஆசையாக் கேக்கறார் இல்ல" என்றார் அப்பா.

அத்தை வீசினாள். தகடு ஆகாயத்தாமரையின் ஓரத்தில் விழுந்து மினுங்கிக்கொண்டே வந்தது. சில வீச்சுகளில் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீர் பொளக்கென்று உடைந்தது. ராடு வில்லாக வளைந்தது. கரையில் பேச்சு நின்றுவிட்டது. அத்தை எங்கள் எல்லோரையும் மறந்துவிட்டாள். மீன் தாமரைக்குள் ஓடினால் விட்டுக்கொடுத்தாள், களைத்தால் இழுத்தாள். முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு சின்னப் பெண் மாதிரி இருந்தாள். கடைசியில் கரையோரம் கறுப்பாக ஒரு விரால் புரண்டது. என் கையைவிட நீளம். அத்தை பார்க்காமலே பக்கத்தில் இருந்தவர் கையில் ராடைத் திணித்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். அப்படிப் பக்கத்தில் இருந்தவர் மாமா. அவருக்குப் பக்கத்தில் நான்.

"மத்தியானத்துக்குக் கொழம்பு ரெடி மச்சான்" என்று மாமா அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

அத்தை முழங்கால் தண்ணீரில் குனிந்து மீனின் வாயிலிருந்து முள்ளை எடுத்தாள். மீனைத் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு கையைத் திறந்தாள். விரால் ஒரு தடவை வாலை அடித்துவிட்டுப் போய்விட்டது. கரையில் பலர் ஐயோ என்றார்கள்.

"விட்டுட்டியா?" என்றார் மாமா. மெதுவாகத்தான் கேட்டார்.

"நான் புடிச்சதுதானே" என்றாள் அத்தை, திரும்பாமலே.

முள் இன்னும் அவள் விரல்களுக்கிடையில் இருந்தது. அதிலிருந்து தொய்ந்து கிடந்த நூலின் மறுமுனை மாமா கையில் இருந்த ராடில். மாமா நூலைப் பார்த்தார். மேட்டில் நின்ற அப்பாவைப் பார்த்தார். பிறகு ராடை வெடுக்கென்று மேலே இழுத்தார்.

அத்தை கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் முள் இறங்கியிருந்தது.

என்ன ஆச்சு என்று அப்பா அங்கிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல மச்சான். அது போனாப் போகட்டும். அதைவிடப் பெரிய மீன் மாட்டிக்கிச்சு."

அப்பா கைதட்டிச் சிரித்தார். மேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா ரீலைச் சுற்றத் தொடங்கினார். கிர் கிர் என்று அது சத்தம் போட்டது. நூல் விறைத்தது. அத்தை கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஓர் அடி வைத்தாள். மாமா இன்னொரு சுற்று சுற்றினார். அவள் இன்னோர் அடி வைத்தாள். தண்ணீரிலிருந்து சேற்றுக்கு, சேற்றிலிருந்து கரைக்கு, ஈரச் சேலை காலைத் தடுக்க அவள் வந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் விளையாடுகிறார்கள் என்று கரை முழுக்க ஒரே குதூகலம். யாரோ விசில் அடித்தார்கள். மாமா அவசரப்படவே இல்லை. எட்டும் தூரத்துக்கு அவள் வந்ததும், வாயில் சிரிப்பு மாறாமல், எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற குரலில், "போலாமா?" என்றார்.

அத்தை தலையை ஆட்டினாள்.

அப்பா இறங்கி வந்து பார்த்தபோதுதான் ரத்தத்தைக் கவனித்தார். சாவிக்கொத்தில் இருந்த நகவெட்டியால் நூலை நறுக்கினார். கவனமா இருக்கக் கூடாதாம்மா என்று அத்தையைத்தான் கடிந்துகொண்டார். கேம்ப் ரோட்டில் டாக்டர் இருப்பார், ஒரு ஊசி போட்டுவிடலாம் என்றார். மாமா, ஊரப்பாக்கத்திலேயே நான் காட்டிக்கொள்கிறேன் மச்சான், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தையின் சூட்கேஸ் கூடத்தில் தயாராக இருந்தது. அம்மா சமையலோடு அதையும் முடித்திருந்தாள். ராடு வேண்டாம், அங்கே வைக்க இடமில்லை என்று மாமா சொல்லிவிட்டார். அதன் நுனியில் துணியைக் கட்டி அம்மா ரொம்ப நாள் ஒட்டடை அடித்தாள். ஜூனில் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு போன் வந்தது. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க என்று நான்தான் போனை எடுத்துச் சொன்னேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த சமயத்தில், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தானாகவே அந்தப் பேச்சை எடுத்தாள். அத்தை வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மாமா யார் எதிரிலும் கை ஓங்க மாட்டார், சிரித்துக்கொண்டே செய்வார், அதனால் தான் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்று சொல்லி அழுதாளாம். "உங்கப்பா, எல்லா வீட்லயும் உள்ளதுதான்னு சொல்லிட்டாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அம்மா. பிறகு மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் கிளம்புவதற்கு முன்னால், பெரியவர்கள் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம், அத்தை என்னைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குக் கூப்பிட்டாள். அப்பாவின் டூல்ஸ் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துவரச் சொன்னாள். அம்மாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாக ஒரு கொக்கி இருக்கும், வந்த வழியே இழுத்தால் சதையோடு வரும், அதனால் முன்னால் தள்ளி வெளியே எடுத்து நுனியை நறுக்க வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே அதைச் செய்தாள். நான் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். முள் கல்லின் மேல் விழுந்தது. அத்தை முந்தானையால் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் உயரத்துக்குக் குனிந்தாள்.

"நீ மாமா பக்கத்துலதானே நின்ன. நீ பாத்த இல்ல?"

கூடத்திலிருந்து அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தை என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்கு அவ்வளவு ஆவலாக ஒரு பெரிய மனுஷி என் முகத்தைப் பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

"பாத்தேன் அத்தை. எவ்ளோ பெரிய விரால்" என்றேன்.

அத்தை நிமிர்ந்தாள்.

"ஆமா. பெருசுதான்" என்றாள்.

குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் நானும் அவள் பின்னாலேயே ஓடினேன்.