பிறந்த வீட்டுக் கோடி

ஜானகியும் மருதாயியும் சிநேகிதிகள் என்று சொன்னால் குன்னூர் கடைவீதியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஒருத்தி துணிக்கடை லிங்கசாமியின் மனைவி, கோயமுத்தூரிலிருந்து வாழ வந்தவள். இன்னொருத்தி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே விரல் கறுத்துப்போன கைம்பெண். இவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு கிளாஸ் நைலான் சேலை. அந்தக் காலத்துப் பூப்போட்டது கிடைக்குமா என்று மருதாயி கடையில் வந்து கேட்டபோது விற்பனைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜானகிக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சேலை என்றால் அவளுக்கும் உயிர்.

பறிக்கிறவளுக்கு மட்டமான தூள் என்பது தோட்டத்து நியாயம். அதை ஜானகி ஞாயிற்றுக்கிழமைகளில் மீறினாள். நல்ல இலைத் தேயிலையாக வாங்கிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் வரிசையில் மருதாயி குடியிருந்த லைன் வீட்டுக்குப் போவாள். பால் விடாமல் கொதிநீரில் ஊறவைத்து இருவரும் குடிப்பார்கள். இதையா இத்தனை வருசம் வெள்ளைக்காரனுக்கு அனுப்பினோம் என்று மருதாயி ஒவ்வொரு தடவையும் வியப்பாள்.

பிறகு தகரப்பெட்டி திறக்கும். லைன்களில் செத்துப்போன பெண்களின் சேலை ரவிக்கைகளைத் தரை துடைக்கப் போகுமுன் கேட்டு வாங்கிச் சேர்த்திருந்தாள் மருதாயி. இது கங்காணியைச் செருப்பால் அடித்தவள் கட்டியது. இந்தப் பஃப் கை ரவிக்கைக்காரி நிறைமாத வயிற்றோடு மழையில் பறிக்கப் போய்த் தேயிலைச் செடி மறைவிலேயே பிள்ளை பெற்றவள். எஸ்டேட் வரலாறு எழுதிய புண்ணியவான்கள் துரை வளர்த்த நாயின் பெயரைக்கூட விடவில்லை. இந்தப் பெண்களில் ஒருத்தி பெயரும் அதில் கிடையாது.

பெட்டியின் அடியில் ரோஸ் நிற ஜார்ஜெட் ஒன்று. அது மருதாயியின் அம்மாவுடையது. மருதாயி வேறு சாதிக்காரனோடு ஊரைவிட்டு ஓடி வந்தபோது அதை மட்டும் சுருட்டிக்கொண்டு வந்தாள். தேவர்சோலையில் இருந்த அண்ணன்மார் அன்றே அவளுக்குத் தலைமுழுகிவிட்டார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பயம். பெண் செத்தால் பிறந்த வீட்டுக்காரர்கள் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். கோடி இல்லாமல் தூக்கிய ஒரு பிணத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

"எனக்குக் கோடி போட ஆருங்க இருக்கா? நீங்க போடுவீங்களா அம்மணி?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"போடறனுங்க அக்கா" என்றாள் ஜானகி. துணிக்கடைக்காரிக்குச் சேலைக்கா பஞ்சம் என்று கேலியும் செய்தாள்.

ஆடி மாதத்து மூடுபனியில், பறித்துக்கொண்டிருந்த மருதாயியைக் காட்டெருமை முட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போயிற்று. ஜானகி அண்ணன்மாரின் நம்பரைத் தேடிப் பிடித்துத் தேவர்சோலைக்குப் போன் செய்தாள். அப்படியொரு தங்கை தங்களுக்கு இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் ஜானகி அந்தத் தப்பைச் செய்தாள். கடையில் அடுக்கடுக்காகப் புதுச்சேலை இருக்க, ஒன்றையும் தொடாமல் நேரே லைன் வீட்டுக்குப் போய் ரோஸ் ஜார்ஜெட்டை எடுத்தாள். பெற்ற தாயின் சேலையைவிடப் பிறந்த வீடு வேறென்ன என்று நினைத்துவிட்டாள். பழசின் மேல் அவ்வளவு பித்து.

பிரேதப் பரிசோதனை முடிந்து உடம்பு வந்தது. குளிப்பாட்டி முடித்ததும் சேலையோடு முன்னால் போனவளை மருதாயியின் நாத்தனார் அங்கம்மா தடுத்தாள். கோபமெல்லாம் இல்லை, நிதானமாகத்தான் சொன்னாள்.

"கட்டுன சீலை கோடியாகாதுங்க அம்மணி. புதுசு வேணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தன் அம்மாவுக்கு மாமன் வீட்டார் விலைச்சீட்டைக்கூடப் பிரிக்காமல் கோடி போட்டதைக் கண்ணால் பார்த்தவள்தான் ஜானகி. உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். லிங்கசாமி கையில் கிடைத்த பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் மரம் விழுந்து சாலை அடைத்துக் கிடந்தது. இங்கே பெண்கள் கொஞ்சம் பொறுத்தார்கள். அறுத்துத் தைத்த உடம்பை எவ்வளவு நேரம் வைத்திருப்பது? குழிக்குள் மழைத்தண்ணீர் வேறு ஏறிக்கொண்டிருந்தது. அங்கம்மா தன் வீட்டுச் சேலையைப் போர்த்தினாள், தூக்கிவிட்டார்கள். மருதாயி எதற்குப் பயந்து கிடந்தாளோ அதுவே அவளுக்கு நடந்தது. நடத்திவைத்தது ஜானகி.

லிங்கசாமி பையோடு வந்தபோது குழியை மூடியாகிவிட்டது. ஜானகி அதை வாங்கிப் பிரித்து, சகதியில் மண்டிபோட்டு, ஈர மண்மேட்டின் மீது பட்டுச்சேலையை விரித்தாள்.

"மண்ணு மேல போட்டா அவளுக்குச் சேராதுங்களே" என்றாள் அங்கம்மா.

"தெரியுமுங்க" என்றாள் ஜானகி. "பொறந்த ஊட்டுக்காரங்க வந்துட்டோம்னு சொல்லீருங்க. நேரமாயிப்போச்சு."

யாரிடம் சொல்வது என்று அங்கம்மா சுற்றிலும் பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரும் மழைக்குப் பயந்து சரிவில் இறங்கிப் போய்விட்டிருந்தார்கள்.