ஜிகினா கட்டிய கண்ணாடி ஜாடி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் என்னை விடவில்லை. அதை உங்களிடம் கொட்டினால்தான் ஆறும்...

பெண் என் நாத்தனார் சொர்ணம். ஏற்கெனவே இரண்டு இடம் வந்தது. ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள், போனவர்கள்தான். இது இலத்தூர் இடம். பையன் போலீஸில் இருக்கிறான். "பையனோட அம்மா ரொம்பக் கண்டிப்பு. சகுனம் பாக்காம வாசப்படி இறங்க மாட்டாக" என்று தரகர் வேறு சொல்லிவிட்டார். அதிலிருந்து என் மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கலக்கத்தில் வீட்டு அலங்காரம் வேறு!

துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாசனை மெழுகுவர்த்தி கொடுத்திருந்தார். கனத்த கண்ணாடி ஜாடிக்குள் சிவப்பு மெழுகு. கொளுத்தினால் வீடு முழுக்க ரோஜா வாசனை. சாரல் காற்றில் கரண்ட் போகும்போதெல்லாம் கொளுத்தி, அடிவரை தீர்த்துவிட்டோம். காலி ஜாடியைத் தூர எறிய மனசு வருமா? ஃபாரின் ஜாடி ஆயிற்றே!

சொர்ணம் அதைக் கையில் எடுத்தாள். கடை மெழுகுவர்த்திகளை உருக்கி, கொஞ்சம் அத்தர் விட்டு, திரி வைத்து, விளிம்பு வரை ஊற்றினாள். ஜாடியின் வாயைச் சுற்றி ஜிகினா ரிப்பன் ஒட்டினாள். டீப்பாயில் வைத்துக் கொளுத்தியதும் எனக்கே பெருமையாக இருந்தது. முன்பு ஜாடிக்குள் இறங்கி எரிந்த தீ, இப்போது ரிப்பனுக்குப் பக்கத்திலேயே எரிகிறது என்பது... எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சொர்ணம் காபித் தட்டோடு வந்து குனிந்தாள். கட்டியிருந்தது நைலக்ஸ் சேலை.

அந்த நேரம் பார்த்து ரிப்பன் பற்றிக்கொண்டது. அதற்கு மேலே அவள் முந்தானை தொங்குகிறது. நைலக்ஸில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஊதி அணைக்கப் பாய்ந்தேன்.

மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏட்டி, விளக்க வாயால ஊதாத! வந்திருக்கவுக முன்னால... என்ன நினைப்பாக?"

"அத்தை, தீ பத்துது!"

"பொறு, நான் குளிர வைக்கேன்."

எங்கள் வீட்டில் விளக்கை அணைப்பது என்றுகூடச் சொல்ல மாட்டோம். பூவால் ஒற்றிக் குளிர வைப்போம். அவசரத்துக்குப் பூ அகப்படவில்லை. மாமியார் டம்ளர் தண்ணீரை அப்படியே உருகிய மெழுகில் ஊற்றினார்.

குப்!

மெழுகு நாலா பக்கமும் தெறித்தது. தீ மேலே எழும்பியது. சொர்ணம் தட்டைப் பிடித்தபடி உறைந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் பாதி எழுந்தவர் அப்படியே நிற்கிறார். மாப்பிள்ளைப் பையன், போலீஸ்காரன்தான், அவனும் அம்மாவின் முகத்தையே பார்க்கிறான். அத்தனை பேருக்கும் வாய் இருந்தது. ஊதத் துணிச்சல்தான் இல்லை.

சட்டென்று ஒரு கை நீண்டு சொர்ணத்தின் முந்தானையைச் சுருட்டி இழுத்தது. பையனின் அம்மா! குனிந்தார். ஃபூ... ஃபூ... இரண்டே ஊது. புகைதான் மிச்சம்.

மாமியார் உடைந்து அழுதார். "பொண்ணு பாக்க வந்த இடத்துல இப்படி ஆயிட்டே... எம் பிள்ளைக்கு இனி யாரு வருவா?"

அந்த அம்மா காதில் வாங்கவே இல்லை. சொர்ணத்தின் கையில் தெறித்திருந்த மெழுகை மெல்ல உரித்துக்கொண்டிருந்தார். "ரொம்பச் சுட்டுட்டாம்மா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். பிறகுதான் மாமியார் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு அழுதீய? விளக்க ஊதுனது நாந்தான? தோஷம்னா அது என்னைத்தான சேரும்? அதுக்குப் பரிகாரமா, இனி எங்க வீட்டு விளக்க உங்க மக வந்து ஏத்தட்டும்."

தை மாதம் கல்யாணம். சொர்ணம் சிரித்த முகமாக வளைய வருகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒரு பெண்ணின் முந்தானைக்குக் கீழே தீ எரியும்போது, அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு நின்றோமே...

தீ அணைந்துவிட்டது. எங்கள் பயத்தை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது!