அப்பா பார்த்துக் கொடுத்த பிஸ்டல்

எங்கள் அப்பா இருபத்திரண்டு வருடங்கள் துவக்குகளோடு வாழ்ந்தவர். ஒரு காகத்தைக்கூடச் சுட்டவரில்லை. கொழும்பில் பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்தில் சார்ஜனாக இருந்தார். மற்றவர்கள் கொண்டுபோய் அழுக்காக்கிக் கொண்டுவருவதைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, பதிவேட்டில் எழுதி அடுக்கி வைப்பதுதான் அவருடைய வேலை. எண்பத்துமூன்றில் கலவரம் வந்தபோது அம்மாவையும் அக்காவையும் இரண்டு வயதான என்னையும் ஒரு ட்ரங்குப் பெட்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு மானிப்பாய்க்கு வந்து சேர்ந்தார். பிறகு திரும்பிப் போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுத் தையல் மெசின் திருத்தத் தொடங்கினார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முன்பு என்ன வேலை செய்தார் என்பதே தெரியாது. தெரிந்தவர்களும் களஞ்சியம் என்றால் அரிசி பருப்பு இருக்கும் இடம் என்று நினைத்திருந்தார்கள்.

அக்கா இயக்கத்துக்குப் போனது உயர்தரச் சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது. சீனி டின்னுக்குக் கீழே ஒரு கடிதத்தை வைத்துவிட்டுச் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா முகாம் முகாமாக அலைந்தார். அப்பா எங்கேயும் போகவில்லை. அவளுடைய பெயரைச் சொல்லவுமில்லை. அவள் இரண்டு தடவை கடிதம் போட்டாள். அம்மா வாசிக்கத் தொடங்கினால் அப்பா எழுந்து கொட்டிலுக்குப் போய்விடுவார்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தாள். தலைமயிரை வெட்டியிருந்தாள். அவளோடு இன்னொருத்தியும் வந்திருந்தாள். பெயர் வதனி. பருத்தித்துறையில் கடற்றொழில் செய்யும் குடும்பம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள் என்பதால் நான் வதனியக்கா என்றேன். இருவரும் காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டப் பழகியவர்கள் என்று அம்மாவுக்குச் சொன்னார்கள். அம்மா அழுதுகொண்டே புட்டு அவித்தார், அழுதுகொண்டே முருங்கையிலை வறுத்தார். சீனி கிடைக்காத காலம், தேத்தண்ணிக்குப் பனங்கட்டிதான். வதனியக்கா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவப் போன இடத்தில் கிணற்றுக் கயிறு நைந்திருப்பதைக் கண்டு, கேட்காமலே அவிழ்த்து வேறு மாதிரி முடிந்து கொடுத்தாள். “இது வள்ளம் கட்டுற முடிச்சு அம்மா. இனி ஆனை இழுத்தாலும் அவிழாது” என்றாள். அரை மணித்தியாலத்தில் அவள் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள். எங்கள் வீட்டுப் பிள்ளையான அக்காதான் அப்பாவின் கொட்டிலைப் பார்ப்பதும் குனிவதுமாக விருந்தாளி போல இருந்தாள். அப்பா உள்ளே மெசினைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அக்கா துணிப்பை ஒன்றை மேசையில் வைத்து இரண்டு கைத்துவக்குகளை வெளியே எடுத்தாள். ஒன்று கறுப்புப் பிஸ்டல், பாரமானது. மற்றது ஆறு ரவை போடுகிற றிவோல்வர், சிறியது. அம்மா இரண்டடி பின்னுக்குப் போனார். நான் இரண்டடி முன்னுக்கு வந்தேன். அக்கா றிவோல்வரின் உருளையைத் திறந்து, ஒன்றும் இல்லை என்று எனக்குக் காட்டிவிட்டு, கையை ஒரு வெட்டு வெட்டி ‘டக்’ என்று மூடினாள்.

“அப்பிடி மூடாதை. அச்சு வளைஞ்சுபோம்.”

அப்பா வாசலில் நின்றார். ஒன்றரை வருடத்தில் அவர் அக்காவோடு கதைத்த முதல் வார்த்தை அதுதான்.

அக்கா எழுந்து நின்றாள். “எங்கள் ரெண்டு பேரையும் ஆளுக்கொண்டு தெரிஞ்சு எடுக்கச் சொல்லி இயக்கத்திலை விட்டவை அப்பா. காயக்காரரைத் தூக்கேக்கை பெரிய துவக்குக் கரைச்சல். இடுப்பிலை ஒண்டு வேணும். ஆருக்கு எது சரி எண்டு எங்களுக்குத் தெரியேல்லை. உங்களிட்டைக் கேப்பம் எண்டு வந்தனாங்கள்.”

அப்பா போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, மேசையில் ஒரு வெள்ளைத்துணியை விரித்து, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அன்றுதான் என் அப்பா யார் என்று நான் கண்டேன். பிஸ்டலை எடுத்தார். குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ரவைக்கூட்டைக் கழற்றினார். மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து உள்ளே பார்த்தார். விரலையும் விட்டுப் பார்த்தார். பிறகு என்ன செய்தார் என்று தெரியவில்லை, கண் வெட்டுவதற்குள் அது ஆறேழு துண்டுகளாகத் துணியில் வரிசையாகக் கிடந்தது. ஒரு துண்டுகூட மற்றத் துண்டில் முட்டவில்லை. தையல் மெசின்காரர் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூச்சப்பட்ட மனிதர், சின்னச் சுருளிக்கம்பி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “இது களைச்சுப்போச்சு, ஆனால் இன்னும் ஓடும்” என்றார். சண்டைக்குப் போய்வந்த இரண்டு பெண்களும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா துடைத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

“துவக்குத் தெரிஞ்சு எடுக்கிறது செருப்புத் தெரிஞ்சு எடுக்கிற மாதிரி. வடிவைப் பாக்கக்கூடாது, அளவைப் பாக்கவேணும். இந்தப் பிஸ்டலுக்குள்ளை ரவை ரெண்டு வரிசையா நிக்குது. அதாலை பிடி தடிப்பு. நீட்டு விரல்காரருக்குத்தான் சரி. விரல் கட்டையெண்டால் விசைக்கு எட்டாது, எட்டி இழுத்தால் குறி விலகும். றிவோல்வரின்ரை பிடி மெல்லிசு. சின்னக் கைக்குச் சொல்லி வைச்ச மாதிரி இருக்கும்.”

பிறகு இரண்டு ரவைகளை மேசையில் நிறுத்தி வைத்தார். ஒன்று குட்டையாய்த் தடித்தது, மற்றது சற்று நீளம். “இது ஒன்பது மில்லிமீற்றர். உலகம் முழுக்கக் கிடக்கு. மற்றவன் விட்டிட்டுப் போனதையும் பொறுக்கிப் போடலாம். இது முப்பத்தெட்டு. எங்கடை பழைய பொலிஸ் சாமான். நல்ல சாமான்தான், ஒருநாளும் இறுகி நிக்காது. ஆனால் இனி எங்கை போய் ரவை தேடுறது? எத்தினை தந்தவை?”

“பதினொண்டு” என்றாள் அக்கா.

வதனியக்கா சிரித்தாள். “பதினொரு ரவையோடை ஆரை அப்பா லைனுக்கு விடுவினம்? றிவோல்வரை எடுக்கிற ஆள் பின்னாலை மருத்துவ வீட்டிலை இருக்கவேண்டியதுதான், காயக்காரருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு. பிஸ்டல்காரிதான் முன்னுக்குப் போவா.”

அக்காவும் சிரித்தாள். இருவருக்குமே பிஸ்டலில்தான் ஆசை என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

அப்பாவின் கையிலிருந்த துணி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, “கணக்குக் கொப்பியையும் பென்சிலையும் கொண்டு வா” என்றார்.

ஒரு பக்கத்தில் அக்காவின் வலது கையை விரித்து வைக்கச்சொல்லிச் சுற்றிக் கோடு கீறினார். எதிர்ப்பக்கத்தில் வதனியக்காவின் கை. பெருவிரல் கவட்டிலிருந்து சுட்டுவிரல் நுனிவரை அடிமட்டம் வைத்துப் பார்த்தார். இரண்டாம் தரமும் பார்த்தார். அப்பா ஒரு அளவை இரண்டு தரம் எடுப்பவரில்லை.

கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றினார். “பிஸ்டல் வதனிக்கு. றிவோல்வர் உனக்கு.”

“எனக்கோ?” வதனியக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“அப்பா, என்ரை விரல்…” என்று அக்கா தொடங்கினாள்.

நான் கொப்பியைத் தூக்கிப் பிடித்தேன். கணக்கில் நான் கெட்டிக்காரி. “அக்காவின்ரை கைதானே அப்பா நீட்டு? நீங்கள்தானே சொன்னனீங்கள், நீட்டு விரலுக்குத்தான்…”

“வாயைப் பொத்து. போய்க் கோழிக்குத் தண்ணி வை.”

அப்பா என்னை அதற்குமுன் அப்படி ஏசியதில்லை. நான் போகும்போது பின்னால் அவருடைய குரல் கேட்டது. வழக்கமான குரல்தான், கொஞ்சம் கெதியாக, அவசரமாக வந்தது. “விரல் மட்டும் காணாது. மணிக்கட்டு வேணும். அவ கடற்கரையிலை வள்ளம் இழுத்து வளந்த பிள்ளை, உதைப்பைத் தாங்குவா. உன்ரை கைக்கு அது சரிவராது.”

 நான் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பியபோது அக்கா கிணற்றடியில் தனியே நின்றாள்.

அதன்பிறகு அப்பா செய்த வேலையை நான் இன்றைக்கும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன். பிஸ்டலின் பிடியில் இருந்த இரண்டு மரத்தகடுகளையும் கழற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார். அரத்தால் தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பார், பூட்டுவார், “வா பிள்ளை, பிடிச்சுப் பார்” என்பார். வதனியக்கா பிடித்துப் பார்ப்பாள். விரல் எட்டும், ஆனால் சரியாக எட்டாது. மறுபடி கழற்றுவார். மத்தியானம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், வரவில்லை. தூரத்தில் ஹெலி சுற்றும் சத்தம் கேட்டு நாங்கள் பங்கருக்குள் இறங்கினோம், அவர் இறங்கவில்லை. தகடு கடதாசி போல மெலிந்தது. பிறகு அவளுடைய உள்ளங்கைப் பள்ளத்துக்கு ஏற்றபடி ஒரு பக்கத்தை மட்டும் இன்னும் இழைத்தார். கொழும்பிலிருந்து கொண்டுவந்து, காசு தருகிறவர்களின் மெசினுக்கே துளித்துளியாக விடுகிற எண்ணெய்ப் போத்தலைத் திறந்து, பாதியை வேறொரு சின்னப் போத்தலில் ஊற்றி அவளிடம் கொடுத்தார். “தேங்காயெண்ணெய் போட்டிடாதை, பிசினாப் போம். ஒவ்வொரு நாளும் துடை. மழையிலை நனைஞ்சால் அண்டைக்கே கழற்றித் துடை. கேட்டியோ?”

“ஓம் அப்பா.”

“எனக்குச் சொல்லிக் காட்டு, பாப்பம்.”

அவள் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்பா ஒன்றை விட்டுவிட்டாய் என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

வெயில் சாயும்போது புறப்பட்டார்கள். வதனியக்கா பிஸ்டலை இடுப்பில் செருகித் தட்டிப் பார்த்தாள். “இனி இது வேறை ஒருத்தரின்ரை கைக்கும் சரிவராது அப்பா. எனக்கெண்டே செய்தது” என்றாள். அக்கா அம்மாவைக் கட்டிப்பிடித்தாள், எனக்குக் கன்னத்தில் கிள்ளினாள். அப்பாவின் முன்னால் வந்து நின்றவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.  பிஸ்டல் கிடைக்காத கோபம் என்று நான் நினைத்தேன். எனக்கென்றால் அதைவிடக் கோபம் வந்திருக்கும். அவ்வளவு கெட்டித்தனமான அப்பா சொந்த மகளுக்குச் சின்னதைக் கொடுத்து அனுப்பியதில் எனக்கே மனம் ஆறவில்லை.

அக்கா மருத்துவ வீட்டிலேயே விடப்பட்டாள். மூன்று வருடம் கழித்து உயிரோடு வீட்டுக்கு வந்தாள். அந்தப் பதினொரு ரவையில் ஒன்றுகூடச் செலவாகவில்லை என்று அம்மாவுக்குச் சொன்னாளாம். அப்பாவோடு நன்றாகத்தான் கதைப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் அவர்கள் கதைத்ததில்லை.

வதனியக்காவின் செய்தி, அவர்கள் வந்துபோய் நான்கு மாதத்தில் வந்தது. அக்கா அம்மாவுக்கு இரண்டே வரி எழுதியிருந்தாள். லைனில் காயப்பட்ட ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஷெல் விழுந்ததாம். அம்மா கடிதத்தை வாசிக்கையில் அப்பா இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

அடுத்தநாள் விடியவே சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். “பருத்தித்துறைக்குப் போட்டு வாறன்.” கிட்டின சொந்தமென்றால் ஒழியச் செத்தவீட்டுக்குப் போகாதவர். அம்மா அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, “இவளையும் ஏத்திக்கொண்டு போங்கோ” என்று என்னைப் பின்னால் ஏற்றிவிட்டார். நான் இருந்தால் இருட்டுக்கு முன் திரும்பி வருவார் என்று நினைத்திருக்கவேண்டும். வல்லை வெளியில் எதிர்காற்று. அப்பாவால் உழக்க முடியவில்லை. இறங்கி, என்னை இருத்தியபடியே உருட்டிக்கொண்டு நடந்தார். 

வீடு கடலுக்குக் கிட்ட. தொழில் இல்லாமல் இழுத்துவிட்ட வள்ளம் ஒன்று வேலியோரம் கிடந்தது. வதனியக்காவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துச் சனம் பாயில் இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

வதனியக்காவின் அம்மா எழுந்து வந்தார். “ஆர் ஐயா நீங்கள்? எங்கையிருந்து வாறியள்?”

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.  அவருக்குக் களைப்பு என்று நினைத்து நான் சொன்னேன்: “மானிப்பாயிலையிருந்து. வதனியக்கா எங்கடை வீட்டை வந்தவ. அப்பாதான் அவவுக்குப் பிஸ்டல் பாத்துக் குடுத்தவர்.”

அந்த அம்மா அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்களோ ஐயா? பிள்ளை கடிதத்திலை எழுதினவள். தன்ரை மகளுக்குக் குடாமல் நல்லதை எனக்குத் தந்தவர், பசி கிடந்து என்ரை கைக்கு அளவாச் செய்து தந்தவர் எண்டு. இந்தக் காலத்திலை ஆர் ஐயா அப்பிடிச் செய்வினம்?”

அப்பா கைகளை இழுக்கப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை. அந்தக் கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அப்பாவின் தலை மார்பில் முட்டுமளவுக்குக் குனிந்துவிட்டது.

எனக்குப் பெருமையாக இருந்தது. பாயில் இருந்தவர்களுக்கு நான் சொன்னது கேட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருந்த சிலருக்குக் கேட்டிருக்காது போலத் தோன்றியது. அவர்களுக்காக நான் இன்னொரு தரம் உரத்துச் சொன்னேன்.