நூரைன் அக்கா முதலில் கேட்கும் பெயர்

திருவண்ணாமலை லாட்ஜுகளுக்கு அறை முன்பதிவு செய்துகொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. வேங்கிக்காலில் இருக்கிறது. கரண்ட் போனால் இரண்டு கம்ப்யூட்டர்கள்தான் யு.பி.எஸ்.ஸில் ஓடும். அப்போது யாருடைய நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது.

நூரைன் அக்கா எங்கே உட்கார்ந்தாலும், கறுப்புத் திரையில் முதலில் ‘ஹூ ஆம் ஐ’ என்று தட்டுவார். சர்வருக்குள் இப்போது யாருடைய பெயரில் நுழைந்திருக்கிறோம் என்பதை அந்தக் கட்டளை ஒரே சொல்லில் காட்டும். வந்த பெயரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் வேலை.

“இன்னாக்கா, உங்க பேரு ஞாபகம் வந்துடுச்சா?” கூட வேலை செய்யும் வல்லரசு தினமும் கேட்பான்.

“எனக்கு இருக்குடா. மெஷினுக்கு இருக்கான்னு பாக்குறேன்.”

சென்ற பௌர்ணமிக்கு முந்தின நாள் மதியம், சர்வரில் இடம் நிரம்பி முன்பதிவு நின்றுபோனது. முதலாளி கோதண்டராமன் அக்காவின் பின்னால் வந்து நின்றார். “போன் மேல போன் வருதும்மா. பழசயெல்லாம் அழிச்சு வுடுங்க.”

அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. டீ வாங்கப் போயிருந்த வல்லரசின் நாற்காலிக்கு அக்கா மாறினார். உட்கார்ந்ததும் அதே கட்டளை.

“இப்பவுமாம்மா?”

திரையில் வல்லரசின் பெயர் வந்தது.

தன் பழைய பிரதிகளை அக்கா ‘பேக்கப்’ என்ற ஃபோல்டரில் வைப்பார். வல்லரசும் அதே பெயரில் ஒன்று வைத்திருந்தான். கிரிவலத்துக்கு மறுநாள் வந்து இறங்குகிறவர்களின் பதிவுகள் அதில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை. பெயரைப் பார்க்காமல் அழித்திருந்தால் அதுதான் போயிருக்கும்.

“ஒரு நிமிஷம் சார், இது வல்லரசு.” லாகவுட் செய்து, தன் பெயரில் நுழைந்து, மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்த பிறகே அழித்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். தெரியாததைக் கேட்டால் பட்டத்துக்கே கௌரவக் குறைச்சல் என்று பயப்படுகிறவள். முதலாளி பின்னால் நின்றிருந்தால் நேராக அழித்திருப்பேன். அக்காவுக்கு அந்தப் பயம் எப்படி இல்லாமல் போனது?

டீயோடு வந்த வல்லரசுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது. “போயிருந்தா என் பேருலதானக்கா போயிருக்கும்?”

“உன் பேருல நான் எதுக்குடா அழிக்கணும்? டீ ஆறுது, ஊத்து.”

மறுநாள் வந்தவர்கள் எல்லோருக்கும் அறை கிடைத்தது. வல்லரசு இப்போது லாகவுட் செய்யாமல் எழுவதில்லை. நூரைன் அக்கா அப்போதும் ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொள்கிறார்.